கடுங்கார மிளகாய்: விதை ஊன்றுவதிலிருந்து பொடி அரைப்பது வரை

சமையல் மிளகாயை நன்றாக வளர்த்துப் பழகியவர்கள்தான் ஹபனேரோ, பூத் ஜோலோகியா, கரோலினா ரீப்பர் போன்ற கடுங்கார வகைகளில் அதிகம் தடுமாறுகிறார்கள். செடி பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால் பழைய கணக்கையே இதற்கும் போடுகிறார்கள். ஆனால் இது முளைக்க ஏறக்குறைய இரு மடங்கு நாளும், பழுக்க ஒன்றரை மடங்கு நாளும் எடுக்கும். பழத்தைத் தொடும் முறையும் வேறு. கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். ஒரே விதிவிலக்கு: அடுத்த ஆண்டுக்கு விதை எடுக்கும் எண்ணம் இருந்தால், கடைசிப் பகுதியைச் செடி பூப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

1. முதலில் நாள் கணக்கு

வீடுகளில் வளரும் மிளகாய் பெரும்பாலும் ஐந்து இனங்களில் ஒன்று. அவற்றில் இரண்டை மட்டும் பிரித்துத் தெரிந்துகொண்டால் போதும். கேப்சிகம் அன்னுவம் என்ற இனத்தில் சமையல் மிளகாய், ஹாலபீனோ, கயென் எல்லாம் அடங்கும். இவை 7 முதல் 14 நாளில் முளைத்து, தொட்டிக்கு மாற்றிய 60 முதல் 80 நாளில் காய் தரும். கேப்சிகம் சைனென்ஸ் இனத்தில் ஹபனேரோ, ரீப்பர் போன்றவை வரும். பூத் ஜோலோகியாவையும் இதோடு சேர்த்தே கணக்கிடலாம். முளைக்க 2 முதல் 4 வாரம், மாற்றி நட்டபின் பழுக்க 90 முதல் 120 நாள். காந்தாரியும் டபாஸ்கோவும் இரண்டுக்கும் நடுவே நிற்கும்.

ஆக, கடுங்கார வகை ஒன்றுக்கு விதையிலிருந்து முதல் பழம் வரை ஐந்தரை முதல் ஆறரை மாதம் ஆகும். பூ நின்று பிஞ்சாகப் பகல் வெப்பம் 20 முதல் 32 டிகிரி செல்சியஸ், இரவு 15 முதல் 22 டிகிரி இருப்பது நல்லது. உங்கள் இடத்தில் அந்த வெப்பம் எந்த மாதங்களில் அமைகிறதோ, அங்கிருந்து மூன்றரை, நான்கு மாதம் பின்னோக்கி எண்ணி விதையை ஊன்றுங்கள். விதைப் பொட்டலம் கைக்கு வந்த நாளிலேயே ஊன்றிவிடுபவர்களுக்குத்தான் உச்ச வெயிலிலோ கடுங்குளிரிலோ பூ வந்து கொட்டுகிறது.

காரத்தின் அளவையும் முன்பே அறிந்துகொள்ளுங்கள். ஸ்கோவில் அளவையில் ஹாலபீனோ 2,500 முதல் 8,000 வரை. ஹபனேரோ 1 லட்சம் முதல் 3.5 லட்சம். பூத் ஜோலோகியா 10 லட்சத்தை ஒட்டி நிற்கும். ரீப்பரின் சராசரி 16 லட்சத்துக்கு மேல். ஒரே செடியின் இரண்டு பழங்களுக்குள்ளேயே காரம் வேறுபடும் என்பதால், ஒன்றைச் சுவைத்துவிட்டு மற்றதை நம்ப முடியாது.

முதல் முறை என்றால் ஒரே ஒரு கடுங்காரச் செடி போதும். நன்றாக வளர்ந்த ஒரு செடியின் காய்ப்பே ஒரு குடும்பம் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு வரும். ஆறு செடி வைத்தவர்கள் கடைசியில் வாங்கிக்கொள்ள ஆள் தேடி அலைவதுதான் வழக்கம்.

2. விதையைத் தொடும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு வகைக்குப் 10 விதை, குழித்தட்டு, சலித்த மண்புழு உரம், கோகோபீட் (தென்னை நார்த்தூள்), மண்ணில் செருகும் வெப்பமானி. அறை வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இருந்தால் நாற்றுத் தட்டுக்கு அடியில் வைக்கும் சூட்டு விரிப்பு ஒன்று. வீட்டுக்குள் வளர்ப்பதானால் வெள்ளை எல்இடி விளக்கு. பிறகு, 10 செ.மீ. அகலத்தில் சிறு தொட்டிகளும், கடைசியாகச் செடிக்கு ஒன்றாக 15 முதல் 20 லிட்டர் தொட்டியும். நைட்ரைல் கையுறையையும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியையும் இப்போதே வாங்கி வையுங்கள். பழம் பழுத்து நிற்கும் நாளில் அவை கையில் இருக்காது. வெறுங்கையோடு ஒரு பழம் மட்டும் வெட்டிப் பார்க்கத் தோன்றும்.

கோகோபீட்டை அப்படியே பயன்படுத்தாதீர்கள். அதில் உப்பு தங்கியிருக்கும். தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, வடியும் நீர் வெளுக்கும் வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். உப்பு மிஞ்சினால் நாற்றின் இலை ஓரம் கருகும். அதைப் பலர் வெயில் சூடு என்று நினைத்து நிழலுக்கு மாற்றி, செடியை மேலும் கெடுக்கிறார்கள்.

பெயர்ச் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை வெயிலில் வெளுத்துவிடும். நாற்றுப் பருவத்தில் ரீப்பரையும் காரமில்லாத வகையையும் கண்ணால் பிரித்தறிய முடியாது.

3. விதை ஊன்றுதல்

விதையை வெதுவெதுப்பான நீரில் 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். ஒரு நாளைத் தாண்டினால் காற்றுக் கிடைக்காமல் விதை அழுகத் தொடங்கும். மிதக்கிற விதை எல்லாம் பதர் அல்ல. மிளகாய் விதை இலேசானது, நல்ல விதையும் மிதக்கும்.

கோகோபீட் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு கலந்து குழித்தட்டை நிரப்புங்கள். கையில் எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் விழ வேண்டும். அதுதான் சரியான ஈரம். அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையை வைத்து மூடி, மேலே இலேசாக அழுத்துங்கள். இந்த அழுத்தத்துக்குக் காரணம் உண்டு. மண்ணின் உராய்வில்தான் விதைத்தோல் கழன்று விழுகிறது. மேலாகத் தூவிவிட்டால் முளை தொப்பி போட்டுக்கொண்டு வெளியே வரும், வித்திலை (விதைக்குள்ளிருந்தே வரும் முதல் இலை) விரியாது. அப்படி வந்துவிட்டால் காய்ந்த தோலைப் பிடித்து இழுக்க வேண்டாம். ஒரு சொட்டு நீர் வைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு, இடுக்கியால் மெல்லக் கழற்றுங்கள்.

இந்தக் கட்டத்தில் வெளிச்சத்தைவிடச் சூடுதான் முக்கியம். மண்ணின் வெப்பம் 26 முதல் 30 டிகிரி இருக்கட்டும். 20-க்குக் கீழே விதை சும்மா கிடக்கும். கிடக்கும் விதை அழுகும். வெப்பமானியை மண்ணுக்குள் செருகிப் பாருங்கள், அறையின் வெப்பத்தை நம்பாதீர்கள். ஈர மண், நீர் ஆவியாவதால் அறையைவிட ஓரிரண்டு டிகிரி குளிர்ந்தே இருக்கும்.

தட்டை மூடி வைத்து, நாளுக்கு ஒருமுறை சில நிமிடம் திறந்து காற்று விடுங்கள். பிறகு பொறுமை. பதினைந்தாம் நாள் விதை செத்துவிட்டது என்று தட்டைக் கொட்டுவதும், தோண்டிப் பார்த்து முளைக்குருத்தை ஒடிப்பதும் புதியவர்கள் செய்யும் முதல் தவறுகள். ஐந்து வாரம் வரை காத்திருங்கள்.

4. முளைத்த பிறகு மூன்று வாரம்

முதல் முளை தலைகாட்டிய அன்றே மூடியை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நாள் தாமதமானாலும் தண்டு நூலாக நீளும். விளக்கின் கீழ் என்றால் நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம். சாதாரண எல்இடி குழல் விளக்கு நாற்றுக்கு மேலே 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் இருக்கலாம். சன்னல் ஓர வெளிச்சம் நமக்குப் போதுமாகத் தோன்றும். நாற்றுக்குப் பெரும்பாலும் போதாது. முளைத்தபின் அந்த 30 டிகிரி சூடும் தேவையில்லை, 20 முதல் 25 போதும்.

தண்ணீரை மேலே ஊற்றாமல், ஒரு தாம்பாளத்தில் நீர் விட்டு அதில் குழித்தட்டை 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுத்துவிடுங்கள். மேல்மண் காய்ந்திருக்கும்போது நாற்றழுகல் எளிதில் பிடிக்காது. அந்த நோய் வந்தால் தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் நூல் கட்டியதுபோல் இறுகி, நாற்று ஒரே இரவில் சாயும். சாய்ந்ததைக் காப்பாற்ற வழியில்லை. அதை மண்ணோடு அகற்றிவிட்டு, மீதிக்கு ஈரத்தைக் குறைத்து, சிறு மின்விசிறியால் இளங்காற்று விடுங்கள். அந்தக் காற்று தண்டையும் தடிக்கச் செய்யும்.

இரண்டு ஜோடி உண்மை இலை (வித்திலைக்குப் பின் வருபவை) வரும் வரை உரம் வேண்டாம். அதன் பிறகும் பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கு மட்டும்.

5. தொட்டி மாற்றுதல்

குழித்தட்டிலிருந்து நேராக 20 லிட்டர் தொட்டிக்கு மாற்றாதீர்கள். சிறிய வேர் பெரிய ஈர மண்ணின் நடுவே இருந்தால், அது உறிஞ்சாத நீர் நாள்கணக்கில் தேங்கி வேரை அழுக வைக்கும். இரண்டு மூன்று ஜோடி இலை வந்ததும் 10 செ.மீ. தொட்டி. அதைக் கவிழ்த்தால் மண் உதிராமல் வேர்க் கட்டியாக வரும் நிலையில் பெரிய தொட்டி. இதுதான் வரிசை.

பெரிய தொட்டிக்கான கலவையைப் பத்து நாள் முன்னரே தயார் செய்யுங்கள். கோகோபீட் நான்கு பங்கு, தோட்ட மண் மூன்று பங்கு, மக்கிய உரம் மூன்று பங்கு. 15 லிட்டர் கலவைக்கு ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் அளவில் வேப்பம் புண்ணாக்கு. நனைத்து மூடி வைத்தால் புண்ணாக்கு மக்கும்போது எழும் சூடு செடி வருவதற்குள் அடங்கிவிடும். கலந்த அன்றே நட்டால் வேர் வெந்துபோகும். மண்ணின் கார அமில நிலை (pH) 6 முதல் 6.8 வரை இருந்தால் மிளகாய்க்கு உகந்தது.

உள்ளே வளர்ந்த நாற்றை வெயிலுக்குப் பழக்க 7 முதல் 10 நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் இளங்காலை வெயில் ஒரு மணி நேரம். பிறகு நாளுக்கு ஒரு மணி கூட்டிக்கொண்டே போகலாம். அவசரப்பட்டால் இலையில் வெள்ளைத் தாள்போலத் திட்டு விழும். அந்த இலை திரும்பப் பச்சை ஆகாது. ஆனால் புதுத்துளிர் நன்றாக வந்தால் செடி பிழைத்துவிட்டது என்று பொருள்.

மாலையில் நடுங்கள். ஆழம் வித்திலை வரை போதும்; தக்காளியைப்போலத் தண்டெல்லாம் வேர் விடும் செடி இல்லை இது. முட்டுக்கொம்பையும் அப்போதே ஊன்றுங்கள். இரண்டு மாதம் கழித்து ஊன்றினால் குறுக்கே இருக்கும் வேர்கள் அறுபடும்.

நுனி கிள்ள வேண்டுமா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. கிள்ளினால் செடி புதராகும், ஆனால் முதல் காய்ப்பு இரண்டு வாரம் வரை தள்ளிப்போகும். சைனென்ஸ் வகைகள் தாமே நன்றாகக் கிளைக்கும். பருவம் குறுகியதாக இருந்தால் கிள்ளாமல் விடுவதே மேல். செடி ஓர் அடி உயரத்தை எட்டும் முன் வரும் பூக்களை மட்டும் கிள்ளி எறியுங்கள். சின்னச் செடி ஒரு காயைச் சுமக்கத் தொடங்கினால் வளர்ச்சி அதோடு நின்றுவிடும்.

6. தண்ணீரும் உரமும்

விரலை 3, 4 செ.மீ. ஆழம் விட்டுப் பாருங்கள். அங்கே காய்ந்திருந்தால் அடித்துளையில் நீர் வழியும் வரை ஊற்றுங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். தினமும் ஒரு குவளை என்ற கணக்கு மேல்மண்ணை மட்டும் நனைத்து அடிவேரைக் காயப்போடும்.

உச்சி வெயிலில் இலை தொங்கினால் உடனே தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். மாலையில் நிமிர்ந்தால் அது வெயில் வாட்டம்தான். காலையிலும் தொங்கி, மண்ணும் ஈரமாக இருந்தால் வேர் அழுகிக்கொண்டிருக்கிறது. அப்போது ஊற்றும் தண்ணீர் அதை இன்னும் கெடுக்கும். காய்ந்த இலை, வைக்கோல் ஏதாவது ஒன்றை 3, 4 செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள், தண்டைத் தொடாமல்.

15 முதல் 20 நாளுக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் வளர்ச்சிப் பருவத்துக்குப் போதும். மொட்டு வந்ததும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரங்களை நிறுத்திவிட்டு, சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடிய உரத்துக்கு மாறுங்கள். அகன்ற கரும்பச்சை இலையோடு செடி செழித்து நின்று, பூ மட்டும் வராவிட்டால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது.

காயின் அடிப்பகுதி பழுப்பாகக் குழிந்து அழுகினால் எல்லோரும் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். பிஞ்சுக்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருந்தும், தண்ணீர் ஒரு நாள் வெள்ளமும் மறுநாள் வறட்சியுமாகக் கிடைப்பதால் செடியால் அதை மேலே ஏற்ற முடிவதில்லை. முட்டை ஓடு மக்கிச் சத்தாக மாதங்கள் ஆகும். தண்ணீரை ஒழுங்காக்கினால் அடுத்த காய்களே சரியாக வரும்.

பழுக்கும் நேரத்தில் செடியைக் காயப்போட்டால் காரம் ஏறும் என்கிறார்கள். ஓரளவு ஏறும், கூடவே காய் எண்ணிக்கை குறையும். பத்து லட்சத்தைத் தொடும் பழத்துக்கு இன்னும் காரம் எதற்கு என்பதுதான் எங்கள் கேள்வி.

7. பூ கொட்டினால்

முதல் சில பூக்கள் உதிர்வது இயல்பு. தொடர்ந்து கொட்டினால் வெப்பமானியைப் பாருங்கள். பகல் 35 டிகிரியை நெருங்கினாலோ, இரவு 24-க்கு மேலேயே நின்றாலோ, 13-க்குக் கீழே இறங்கினாலோ மகரந்தம் கெட்டுப் பூ காம்போடு விழும். வெயில் காலத்தில் 35 சதவீத நிழல்வலை கட்டுங்கள். இரவு வெப்பத்துக்குச் செய்யக்கூடியது அதிகமில்லை. செடியை உயிரோடு வைத்திருந்தால் வெப்பம் தணிந்ததும் தானே காய்க்கும். அந்த நேரத்தில் உரத்தைக் கொட்டுவது வீண்.

காற்றும் தேனீயும் வராத இடத்தில் செடி இருந்தால், காலை பத்து மணி வாக்கில் பூங்கிளையை விரலால் இலேசாகச் சுண்டிவிடுங்கள். மிளகாய் தன் பூவிலேயே தன் மகரந்தத்தைச் சேர்க்கும் செடி. அது உதிர்ந்து சூல்முடியில் விழ ஓர் அசைவு போதும்.

8. இலை சுருண்டால்: எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்

மிளகாய் வளர்ப்பில் மிக அதிகமாகத் தவறாக வைத்தியம் பார்க்கப்படுவது இதுதான். சுருட்டல் என்பது ஒரே நோய் அல்ல.

இலை ஓரம் மேல்நோக்கி மடிந்து படகுபோல் ஆனால் இலைப்பேன். குருத்தை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டினால், ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் வெளிர் மஞ்சள் கோடுகளாக ஊரும்.

இலை ஓரம் கீழ்நோக்கி மடிந்து, அடிப்பக்கம் செம்பழுப்பாகப் பளபளத்து, இலைக்காம்பு நீண்டு குறுகினால் மஞ்சள் சிலந்தி. கண்ணுக்குத் தெரியாது, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் வேண்டும். இதைச் சத்துக்குறை என்று நினைத்து உரம் போட்டுக்கொண்டே இருப்பவர்கள் பலர்.

நுனி இலைகள் சிறுத்து, மஞ்சளாகி, கொத்துக் கொத்தாக நெருங்கி, செடி குட்டையாக நின்றால் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ். இதற்கு மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கிப் பையில் கட்டி அகற்றுங்கள். பாசத்தில் ஒரு மாதம் வைத்துக்கொண்டால் பக்கத்துச் செடிகளுக்கும் போகும்.

இலைப்பேன், அசுவினி, வெள்ளை ஈ மூன்றுக்கும் முதல் வேலை தண்ணீரைப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுவது. பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 1, 2 மி.லி. திரவ சோப்பைக் கலந்து, அதில் 5 மி.லி. வேப்ப எண்ணெயை ஊற்றி நன்றாகக் குலுக்குங்கள். சோப்பை முதலில் சேர்க்காவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து, கடைசி அழுத்தத்தில் மொத்தமாக வந்து இலையைக் கருக்கும். ஒரு கிளையில் தெளித்து ஒரு நாள் பார்த்துவிட்டு, மாலையில் மட்டும் தெளியுங்கள். 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று முறை. ஒருமுறை தெளித்து நிறுத்தினால், தப்பிய முட்டைகள் பொரித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

மஞ்சள் சிலந்திக்கு நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் நன்றாகக் கேட்கும். ஆனால் 32 டிகிரிக்கு மேல் வெயில் இருக்கும்போதும், எண்ணெய் தெளித்து மூன்று வாரம் ஆவதற்கு முன்பும் கந்தகம் கூடாது, இலை தீய்ந்துவிடும். அதனால் சுருட்டல் எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்கு முன் வேப்ப எண்ணெயைக் கையில் எடுக்காதீர்கள்.

புதிதாக வாங்கி வரும் எந்தச் செடியையும் இரண்டு வாரம் தனியே வையுங்கள்.

9. பறித்தல்

முழு நிறம் வந்தபின் இரண்டு மூன்று நாள் செடியிலேயே விடுங்கள். மணமும் இனிப்பும் அப்போதுதான் கூடும். கையால் இழுத்தால் கிளையே முறியும். காம்போடு கத்தரியுங்கள். காம்பு கழன்ற பழத்தில் அந்த ஓட்டை வழியாகப் பூஞ்சை இறங்கும்.

முழுப் பழத்தின் மேல்தோல் பொதுவாகக் கையைச் சுடாது. ஆனால் கடுங்கார வகைகளில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வழியே எண்ணெய் கசிந்திருக்கலாம் என்பதால், பறிக்கும்போதே கையுறை போடுவது நல்லது. குழிந்த வட்ட வளையங்களோடு அழுகும் பழம் பூஞ்சை நோய் பிடித்தது. அதைத் தொட்டியிலேயே விழவிடாதீர்கள், அதிலிருந்து விதையும் எடுக்காதீர்கள்.

10. வெட்டுதல்: கத்திக்கு முன் கையுறை

காரம் விதையில் இல்லை. விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் காரத்தைத் தரும் கேப்சைசின் உற்பத்தியாகிறது. விதைமேல் இருப்பது அதிலிருந்து ஒட்டியது. ஆகவே சாதாரண மிளகாயில் வெள்ளைச் சதையைச் சுரண்டினால் காரம் பெரிதும் குறையும். ரீப்பர் போன்றவற்றில் இந்த உபாயம் பலிக்காது. அவற்றின் உள்சுவரிலும் காரச் சுரப்பிகள் உண்டு.

இரண்டாவது, கேப்சைசின் தண்ணீரில் கரையாது; எண்ணெயிலும் சாராயத்திலும் கரையும். வெறும் தண்ணீரில் கை கழுவினால் அது கையெங்கும் பரவுகிறது, போவதில்லை. கீழே சொல்லும் ஒழுங்கு முழுக்க இதிலிருந்துதான் வருகிறது.

கண்ணில் லென்ஸ் போடுபவர்கள் வேலை தொடங்கும் முன்பே கழற்றி வைத்துவிடுங்கள். கையுறைக் கையால் அதைக் கழற்ற முடியாது. ஒரு கிண்ணத்தில் சமையல் எண்ணெய், பாத்திரம் கழுவும் சோப்பு, காகிதத் துண்டுகள் ஆகியவற்றைப் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் எடுத்து வையுங்கள். சன்னலைத் திறங்கள். செல்பேசியை வேறு அறையில் விடுங்கள். கார எண்ணெய் படிந்த திரை, பிறகு காதையும் கன்னத்தையும் தேடி வரும். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அறையில் இருக்க வேண்டாம். கையுறை நைட்ரைலாக இருக்கட்டும். மெல்லிய லேடெக்ஸ் வழியாக எண்ணெய் மெதுவாக ஊடுருவும். மரப்பலகை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் பீங்கான் தட்டிலோ கண்ணாடிப் பலகையிலோ வெட்டுங்கள்.

முடித்ததும் கத்தியையும் தட்டையும் எண்ணெய் தொட்ட காகிதத்தால் துடைத்து, பிறகு சோப்பு போட்டு, குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். கொதிநீர் ஊற்றினால் காரம் ஆவியோடு எழுந்து மூச்சை அடைக்கும். கழுவிய பஞ்சைத் தூக்கி எறியுங்கள். கடைசியாகக் கையுறையோடேயே கையைச் சோப்பால் கழுவி, உட்புறம் வெளியே வரும்படி உரியுங்கள். குழாய்ப் பிடியை முழங்கையால் திருப்புங்கள்.

கையுறை போட்டிருந்தாலும் வெறுங்கையை ஒரு நிமிடம் எண்ணெய் தேய்த்து, காகிதத்தால் துடைத்து, சோப்பால் இரண்டு முறை கழுவுங்கள். நக இடுக்கை மறக்க வேண்டாம். கழிப்பறைக்குப் போன பின் கை கழுவும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. மிளகாய் வெட்டிய நாளில் போவதற்கு முன்பு கழுவ வேண்டும்.

11. பட்டுவிட்டால்

தோலில்: எண்ணெய், துடைப்பு, சோப்பு, இதே வரிசையில் இரண்டு மூன்று முறை. பிறகு குளிர்ந்த ஈரத்துணி. சூடான நீர் பட்டால் எரிச்சல் கூடும், ஏனென்றால் கேப்சைசின் தூண்டுவது சூட்டை உணரும் அதே நரம்பு ஏற்பியைத்தான்.

கண்ணில்: லென்ஸ் இருந்தால் சுத்தமான கையால் எடுத்து எறிந்துவிடுங்கள், திரும்பப் போடக் கூடாது. இமையை விரித்துப் பிடித்து, ஓடும் சாதாரணத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பால், எண்ணெய் எதையும் கண்ணில் விட வேண்டாம். அதன் பிறகும் வலியோ பார்வை மங்கலோ தொடர்ந்தால் மருத்துவரிடம் போங்கள்.

வாயில்: பாலோ தயிரோ வாயில் வைத்துக் கொப்பளித்து விழுங்குங்கள். பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் கேப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். பந்தயம் கட்டி முழுப் பழத்தைத் தின்பதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். ரீப்பர் தின்ற ஒருவருக்கு மூளை இரத்தக் குழாய்கள் தற்காலிகமாகச் சுருங்கிக் கடும் தலைவலி வந்தது 2018-ல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. திடீர்த் தலைவலி, நெஞ்சுவலி, நிற்காத வாந்தி வந்தால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

12. உலர்த்திப் பொடியாக்குதல்

பழத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தே உலர்த்துங்கள். சுருங்கிய தோலுள்ள கடுங்கார வகைகளை முழுதாகக் காயப்போட்டால் வெளியே காய்ந்து உள்ளே பூஞ்சை பிடிக்கும். பிளக்கும்போது உள்ளே சாம்பல் நிறமோ கறுத்த விதையோ தெரிந்தால் எறிந்துவிடுங்கள்.

உலர்த்தும் கருவியில் 55 முதல் 60 டிகிரி, 8 முதல் 12 மணி நேரம். கருவியைக் காற்றோட்டமான வெளியிடத்தில் வையுங்கள். சமையலறையில் ஓட்டினால் அந்த அறைக்குள் யாரும் நிற்க முடியாது. வெயிலில் என்றால் வறண்ட காற்றுள்ள நாட்களில் மட்டும், வலை மூடி, மாலையில் உள்ளே எடுத்து வைத்து. மடித்தால் வளையாமல் நொறுங்க வேண்டும். நொறுங்கியதும் கண்ணாடிக் குப்பியில் அடைத்து ஒரு வாரம் கவனியுங்கள். உள்சுவரில் நீர்த்திவலை தெரிந்தால் மறுபடி உலர்த்துங்கள். 100 கிராம் பழம் 10, 12 கிராம் பொடியாகும்.

அரைப்பதுதான் மொத்த வேலையிலும் ஆபத்தான கட்டம். வெட்டும்போது காரம் கையோடு நிற்கும், அரைக்கும்போது மூச்சில் ஏறும். வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி, என்95 முகக்கவசமும் மூடிய கண்ணாடியும் அணிந்து, சிறிது சிறிதாக அரையுங்கள். நிறுத்தியதும் மூடியைத் திறக்காதீர்கள். 10 முதல் 15 நிமிடம் தூள் படியட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் அருகிலேயே இருக்கக் கூடாது.

13. புளிக்க வைப்பது, எண்ணெயில் போடுவது

புளிக்க வைக்க, அரைத்த பழத்தின் மொத்த எடையில் 2.5 முதல் 3 சதவீதம் உப்பு. ஒரு கிலோவுக்கு 25 முதல் 30 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், எடை போடுங்கள். உப்பு குறைந்தால் கெட்ட கிருமி முந்தும், மிக அதிகமானால் புளிப்பே ஏறாது. குப்பியில் கால் பங்கு இடம் விட்டு, 20 முதல் 24 டிகிரியில் 2 முதல் 4 வாரம். முதல் வாரம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை விடுங்கள், முகத்தை விலக்கிக்கொண்டு. அமில நிலை (pH) 4-க்குக் கீழே வந்துவிட்டதா என்று மீட்டரில் பார்த்துவிட்டுக் குளிர்பெட்டிக்கு மாற்றலாம். மேலே வெள்ளையாக, வழவழப்பாகப் படரும் ஏடு தீங்கில்லாத ஈஸ்ட், வழித்து எடுக்கலாம். பஞ்சுபோலவோ வண்ணமாகவோ பூஞ்சை வந்தால் மொத்தத்தையும் கொட்டுங்கள்.

பச்சை மிளகாயையோ பச்சைப் பூண்டையோ எண்ணெயில் அமிழ்த்தி வெளியே வைக்கவே கூடாது. காற்றில்லாத, அமிலமில்லாத அந்தச் சூழலில் போட்டுலிசம் என்ற, உயிரையே பறிக்கக்கூடிய உணவு நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளரும். நச்சு சேர்ந்திருப்பது மணத்திலும் சுவையிலும் தெரியாது. முழுக்க உலர்ந்ததை மட்டும் எண்ணெயில் போடுங்கள். பச்சையாகப் போட்டே ஆக வேண்டும் என்றால் சிறிய அளவில் செய்து, குளிர்பெட்டியில் வைத்து, நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மிஞ்சிய பழத்தை முழுதாக உறைய வைப்பது இதைவிட எளிது.

14. விதை எடுத்தல்

மிளகாய் தன் மகரந்தமே போதும் என்று காய்த்தாலும், தேனீ வந்தால் பக்கத்துச் செடியோடு கலந்துவிடும். கலப்பு இந்த ஆண்டுப் பழத்தில் தெரியாது. அடுத்த ஆண்டுச் செடியில்தான் தெரியும். எனவே மொட்டு விரிவதற்கு முன்பே ஒரு கிளைக்கு மெல்லிய வலைப்பை கட்டி, தினமும் அசைத்துவிட்டு, பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துக் காம்பில் ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். முதல் தலைமுறை வீரிய ஒட்டு ரகத்தில் இவ்வளவு செய்தும் தாய்ச்செடி திரும்ப வராது.

நன்கு பழுத்த பழத்திலிருந்து கையுறையோடு விதையை எடுத்து, நிழலில் தட்டில் பரப்பி 7 முதல் 10 நாள் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். வளைக்கும்போது விதை முறிந்தால் சரி. காகித உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு கண்ணாடிக் குப்பியில் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் இரண்டு முதல் நான்கு ஆண்டு முளைக்கும். உறைமேல் வகையின் பெயர், ஆண்டு, கூடவே ‘கையுறை’ என்றும் எழுதி வையுங்கள். உலர்ந்த விதையின் மேலும் கார எண்ணெய் இருக்கும். அடுத்த பருவத்தில் அதை ஊறவைத்த தண்ணீரில் விட்ட விரலும் கண்ணுக்குத்தான் போகும்.